மூன்று மாதத்தில் சுகம் என்றார்கள், வருடம் ஓடிவிட்டது

கேள்வி: நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பரம்பரையாக சி.எஸ்.ஐ. சபை. என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியும் போய், ஒரு வருடத்துக்கு மேலாக டயாலிசிஸில் இருக்கிறார். வாரம் இரண்டு நாள் அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறோம். நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். வருடப்பிறப்பு ஆராதனையில் தட்டிலிருந்து எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையில் "வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்" என்று இருந்தது. அதை நம்பி, தெரிந்தவர்கள் கூப்பிட்ட ஒரு ஜெபவீட்டுக்குப் போனோம். மூன்று மாதத்தில் பூரண சுகம் என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். இருபத்தைந்தாயிரம் ரூபாய் விதைக் காணிக்கை தருவதாகப் பொருத்தனை பண்ணினேன். சுகம் வரவில்லை. இப்போது, வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, டயாலிசிஸுக்குப் போவதே அவிசுவாசம், ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. ஆராதனையில் உதட்டை மட்டும் அசைக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகன், "இயேசு அப்பாவைப் பார்க்கவே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். சில ராத்திரி, தூங்கினால் அப்படியே எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. என் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது ஐயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விசுவாசத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் டயாலிசிஸ். ஒரு தடவைகூட நிறுத்தாதீர்கள். உங்கள் கணவரின் உடம்பில் சேரும் தண்ணீரையும் பொட்டாசியத்தையும் வெளியேற்ற அந்த மெஷினை விட்டால் வேறு வழி கிடையாது. பொட்டாசியம் ஏறினால் இருதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகலாம். "ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்" என்று சொல்கிறவருக்கு அது ஒரு சோதனை. ஆபத்து உங்கள் கணவருக்குத்தான்.

இதில் வேதத்துக்கு விரோதமாக எதையும் நீங்கள் செய்யவில்லை. பவுல் அப்போஸ்தலன் கூடவே ஒரு வைத்தியர் இருந்தார். "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்றே எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று பவுல் அவனுக்குக் கைவைத்தியம் சொல்கிறார். இரண்டாம் தீமோத்தேயு கடைசி அதிகாரத்தில், பெரும்பாலும் நாம் வாசிக்காமல் தாண்டிப்போகிற ஒரு வரி இருக்கிறது: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று. எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய பவுல், தன் உடன் ஊழியனை நோயாளியாகவே ஓர் ஊரில் விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவிடம் மறைவான பாவம் இருந்தது என்று அங்கே எழுதவில்லை. அவனுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை.

இரண்டாவது, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி. எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றுவது பாவம் அல்ல. ஆனால் அதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. இந்த வாரமே, கணவரை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு ஓ.பி. சீட்டு போட்டு, எனக்கு எழுதிய இதே வரியை அந்த மருத்துவரிடமும் சொல்லுங்கள். ராத்திரியில் அந்த எண்ணம் அழுத்தினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டிலும் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அக்காவோ நாத்தனாரோ, யார் பதறாமல் கேட்பார்களோ அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது விசுவாசத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். நீங்கள் கர்த்தர்மேல் வைத்த நம்பிக்கை உடைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒரு தேதியின்மேல் வைத்த நம்பிக்கை உடைந்திருக்கிறது. அந்த இரண்டையும் யாரோ சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தேதி தப்பியதும் எல்லாமே போன மாதிரி இருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்த்தாக வேண்டும்.

எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் நம் வீடுகளில் பாதிச் சுவர்களில் காலண்டராகத் தொங்குகிறது. வாக்குத்தத்த அட்டையிலும் அடிக்கடி வரும். அது வருவது 29-ஆம் அதிகாரத்தில். ஆனால் கதை அதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஆரம்பிக்கிறது. எருசலேமிலிருந்து ராஜாவையும் ஜனங்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், ஆலயத்துப் பாத்திரங்களும் வந்துவிடும் என்று அறிவிக்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைக் கழற்றி உடைத்தும் போடுகிறான். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு நமது மைக் செட் இருந்திருந்தால் அல்லேலூயா சத்தம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

எரேமியா அங்கே சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அப்படி நடக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. சுகம் வேண்டும் என்று ஜெபிப்பது தப்பே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கர்த்தர் அவருக்குக் கொடுத்த செய்தி வேறு. அனனியா சொன்னது பொய் என்றும், ஜனங்களைப் பொய்யை நம்பும்படி செய்துவிட்டான் என்றும் அந்த அதிகாரம் முடிகிறது. அப்புறம் 29-இல் எரேமியா பாபிலோனுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறார். எழுபது வருஷம் ஆகும் என்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் நம் காலண்டர் வசனம்.

எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பவே மாட்டார்கள் என்று அர்த்தம். அவர்களிடம்தான் கர்த்தர், என் நினைவுகள் தீமைக்கல்ல என்று சொல்கிறார். பாபிலோனிலேயே, தோட்டம் போட்டுக்கொண்டு, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் அப்படிப்பட்ட ஒரு நீண்ட வாசம். அது மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்து நீங்கள் ஒரு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். யாராலும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியாது. ஜெபிக்க வார்த்தை வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டைக் கட்டுங்கள் என்று நான் சொல்வது சின்னச் சின்னக் காரியங்களை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தையலுக்கு நேரம் ஒதுக்கி, டயாலிசிஸ் நாளில் துணி வாங்குவதில்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையை டயட்டீஷியனிடம் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், அவருக்குக் கொடுக்கக் கூடாது. கணவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அந்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால், ஒவ்வொரு டம்ளருக்கும் உங்களுக்குள் சண்டை வராது. மாற்றுச் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் அரசு மூலமாக நடக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிவது அவிசுவாசம் ஆகாது. கேட்டு வையுங்கள்.

அந்த வாக்குத்தத்த அட்டையைக் கிழிக்க வேண்டியதில்லை, அதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி அடையவும் வேண்டியதில்லை. "வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்" என்பது யாத்திராகமத்தில், கானானுக்குள் போகப்போகிற ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்ன வார்த்தை. தட்டிலிருந்து உங்கள் கைக்கு வந்த சீட்டு, உங்கள் கணவருக்கு எழுதிக்கொடுத்த மருத்துவச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடாது. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு வந்த பதிலும் அதே வேதத்தில்தான் இருக்கிறது: "என் கிருபை உனக்குப்போதும்." முள் நீங்கியதாக எங்கும் எழுதவில்லை. வருடப்பிறப்பு அட்டை கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோபு புலம்பிய வசனங்களை யாரும் அந்தத் தட்டில் போடுவதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வருகிற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று நீங்களே தடுத்து வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிக்க வேண்டும், "விசுவாசிக்கிறேன்" என்று முடிக்க வேண்டும், நடுவில் கோபம் வரக் கூடாது என்றுதான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். சங்கீதக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 88-ஆம் சங்கீதத்தை ஒரு நாள் தனியாக, சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் அநேகமாகக் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று குறை சொல்லிக்கொண்டே முடிந்துவிடும். மருத்துவமனை வார்டுகளில் ஊழியம் செய்யும் காலத்தில் இதை ஒரு பெரியவருக்கு வாசித்தேன். ஆயுசெல்லாம் சபையில் கமிட்டி மெம்பராக இருந்தவர். கண்ணை மூடிக் கேட்டவர், "இது நிஜமாவே பைபிள்ல இருக்கா ஐயரே?" என்றார். நம்பருடன் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் தன் மருமகனைப் பற்றி அரைமணி நேரம் திட்டினார். பிறகு ஜெபித்தார்.

புலம்பலும் ஜெபம்தான். கோபத்தை அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் கர்த்தரிடமே கொண்டுபோவதற்கு விசுவாசம் வேண்டும். யோபு ஏறக்குறைய இருபது அதிகாரங்களில் முறையிட்டான். அவனைத் திருத்த வந்த சிநேகிதர்கள், ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று உங்கள் ஜெபவீட்டார் சொன்னதையே சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்கள்மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்று 42-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இயேசு இரண்டும் இல்லை என்றுதான் சொன்னார். ஆகவே மறைவான பாவத்தைத் தேடி ராத்திரியில் உட்கார்ந்து பழையதையெல்லாம் கிளறுவதை விட்டுவிடுங்கள்.

ஆராதனையில் உதட்டை மட்டும் அசைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள், உதட்டையே அசையுங்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது வருடமாக அவருக்கு ஜெபத்தில் இருட்டும் வெறுமையுமே இருந்தது என்று தெரியவந்து உலகமே ஆச்சரியப்பட்டது. அந்த ஐம்பது வருடமும் அவர் காலையில் எழுந்து பூசைக்குப் போனார், வேலையைச் செய்தார். உணர்ச்சி இல்லாத நாளில் செய்த ஜெபம் கணக்கில் சேராது என்று யார் நமக்குச் சொன்னது?

அதோடு, எல்லா விசுவாசத்தையும் நீங்களே சுமக்க வேண்டியதும் இல்லை. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தார்கள், கூட்டம் விடவில்லை, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு எழுதுவது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று. படுத்துக்கிடந்தவன் அந்த நேரத்தில் நம்பினானா, சலித்துப்போயிருந்தானா என்று மாற்கு எழுதவேயில்லை. உங்கள் சபையில் அப்படி நாலு பேர் யார்? உருக்கமாக ஜெபிக்கிறவர்களைத் தேடாதீர்கள். டயாலிசிஸ் நாளில் மத்தியானச் சோறு கொண்டுவருகிறவர், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறவர், உங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு வார்டு வாசலில் நாலு மணி நேரம் உட்காருகிறவர், இவர்களைத் தேடுங்கள். சபைகுருவிடம் நேராகப் போய்க் கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நம் சபை ஜனங்களுக்கு மரண வீட்டில் உதவத் தெரிந்த அளவு நீண்ட நோய் வீட்டில் உதவத் தெரியாது. சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும்.

டோனாவூர் உங்களுக்குத் தூரமில்லை, போயிருப்பீர்கள். 1901-இல் அங்கே வந்து குடியேறிய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே, படுக்கையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா இருந்தது? விசுவாசம்தான் குறைவா? நோயாளிகளைத் தேற்றுவதற்காக ஆரோக்கியமானவர்கள் எழுதிய கைப்பிரதிகள் தன்னைத் தொடவில்லை என்று எழுதியவர் அவர். உங்களைத் தேற்ற வருகிறவர்களின் பேச்சு எரிச்சலாக இருந்தால் நீங்கள் மட்டும் அப்படி இல்லை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். அந்த இருபத்தைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அதற்காக நகையை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டாம். பொருத்தனை பண்ணிவிட்டேனே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்தார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. புருஷனின் மருந்துக்கும் பிள்ளையின் பரீட்சை ஃபீஸுக்கும் உள்ள பணம் அது. மனச்சாட்சி உறுத்தினால் உங்கள் சபைகுருவோடு உட்கார்ந்து, தெரியாமல் சொன்ன வார்த்தை என்று ஒரு ஜெபம் பண்ணி முடித்துக்கொள்ளுங்கள். நாகமானின் குஷ்டம் நீங்கியதற்கு எலிசா பைசா வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கியவன் அவர் வேலைக்காரன் கேயாசி, அவனுக்குக் கிடைத்தது நாகமானின் குஷ்டம்தான் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஜெபவீட்டுக்கு இனி போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சண்டை போட வேண்டியதில்லை, போனை எடுக்காமல் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். உங்கள் ராத்திரி எண்ணமும் அதேதான். கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் அவனைத் தட்டியெழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். உங்களுக்கும் வெகுதூரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். அதையே உங்கள் உபவாச ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லுங்கள், பரவாயில்லை.

கடைசியாக மகன். அவனைச் சபைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதிலும் சொல்லாதீர்கள். "எனக்கும் அதே கேள்விதான்டா இருக்கு" என்று சொல்லுங்கள். அது உண்மை, அவனுக்கும் அது உண்மை என்று தெரியும். அப்புறம் ஒரு நாள் மத்தேயு 11-ஐ அவனிடம் காட்டுங்கள். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் காவலில் கிடந்துகொண்டு, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறான். உங்கள் மகன் கேட்டதைவிடக் கூர்மையான கேள்வி. இயேசு அவனைத் திட்டவில்லை. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று எல்லாருக்கும் முன்பாகப் பாராட்டினார். யோவான் காவலிலிருந்து வெளியே வரவில்லை என்பதையும் அவனிடம் மறைக்காதீர்கள். பிளஸ் டூ படிக்கிற பையன், நாம் மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான்.

அவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. டயாலிசிஸ் நாட்களில் அவன் சாயங்காலம் படிக்க உங்கள் சபையில் யாராவது ஒருவர் வீட்டில் இடம் கேட்டு வையுங்கள். குடும்ப ஜெபத்தில் உட்காரச் சொல்லுங்கள், பாடச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிஷம் போதும், ஒரு சங்கீதம், கர்த்தர் கற்பித்த ஜெபம், அவ்வளவுதான். ஓ.பி.யில் மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.